முக அறுவை சிகிச்சை: வைப்பு நிதியை உடைப்பதா, கடன் வாங்குவதா?

கேள்வி: எனக்கு 57 வயது. வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறேன். ஃபேஸ்லிஃப்ட் எனப்படும், தொய்ந்த முகத் தோலை இழுத்து இறுக்கும் அறுவை சிகிச்சையையும் புருவத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சையையும் ஒன்றாகச் செய்துகொள்ள விரும்புகிறேன். மதிப்பிட்ட கட்டணத்தில் பாதி என்னிடம் இருக்கிறது. மீதிக்கு, அவசரத் தேவைக்கென வைத்திருக்கும் வைப்பு நிதியை உடைப்பதா, மருத்துவமனை ஏற்பாடு செய்யும் தவணைக் கடனை வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் விருப்பத்தில் தவறேதும் இல்லை. ஆனால் நீங்கள் கணக்கில் கொண்டிருப்பது அறுவை சிகிச்சை நாளின் செலவு மட்டுமே. அதற்குப் பின்வரும் வாரங்களின் செலவு அதில் இல்லை.

வீக்கமும் கன்றிப்போன நிறமும் பெருமளவு வடிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். மேசை வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் பணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் தொழிலோ தையல் இயந்திரத்தின் மீது மணிக்கணக்கில் குனிந்திருப்பது. தொடக்க வாரங்களில் தலையை உயர்த்தியே வைத்திருங்கள், குனியாதீர்கள், பாரம் தூக்காதீர்கள் என்றுதான் மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள். ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை வருமானம் இருக்காது என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகையையும் சிகிச்சைச் செலவோடு சேர்த்து எழுதுங்கள். முதல் சில நாட்கள் உடனிருப்பவருக்கான செலவும் அதில் இடம்பெற வேண்டும்.

அடுத்து, மதிப்பீட்டில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், அறுவை அரங்கு ஆகியவற்றின் கட்டணங்கள் தனித்தனியானவை. பரிசோதனைகளும் மருந்துகளும் பல இடங்களில் அவற்றில் சேர்வதில்லை. மிக முக்கியமான கேள்வி இது: தோலுக்கடியில் இரத்தம் தேங்கினால், மீண்டும் அரங்குக்குக் கொண்டுசெல்லும் செலவு யாருடையது? ஃபேஸ்லிஃப்ட்டில் அதிகம் காணப்படும் சிக்கல் இதுவே. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேர்கிறது, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அழகுக்காகச் செய்யும் சிகிச்சையைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதனால் விளையும் சிக்கல்களையும் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. இதற்காகத்தான் வைப்பு நிதியைத் தொடாதீர்கள் என்கிறேன். அது கரைந்த பின் ஒரு சிக்கல் வந்தால் உங்களைத் தாங்க வேறு பணம் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. புருவமோ இமையோ தொய்ந்து பார்வையை மறைக்கிறது என்றால், சில பாலிசிகள் அந்தப் பகுதிச் செலவை ஏற்கக்கூடும். அதற்குப் பார்வைப் புலப் பரிசோதனை (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் சோதனை) முடிவும் புகைப்படங்களும் கேட்பார்கள். அறுவைக்கு முன்பே அனுமதியும் பெற வேண்டும். மேலே பார்க்கத் தலையைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டியிருந்தால், முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு அறுவை சிகிச்சைகளையும் ஒன்றாகச் செய்வதை நான் ஆதரிக்கிறேன். மயக்க மருந்துக்கும் அரங்குக்கும் ஒரே முறை செலவு, ஓய்வும் ஒரே முறை. மருத்துவர் சம்மதித்தால் அப்படியே செய்யுங்கள். தவணைக் கடன் மட்டும் வேண்டாம். வருமானம் நிற்கும் மாதத்திலேயே முதல் தவணை வந்து நிற்கும். வட்டியில்லை என்று சொல்லப்படும் கடன்களிலும், ஒரு தவணை தவறினால் தொடக்க நாளிலிருந்தே வட்டி கணக்கிடும் நிபந்தனை இருக்கலாம்.

இது அவசர சிகிச்சை அல்ல. ஓராண்டு தள்ளினால் மருத்துவ ரீதியாக இழப்பு எதுவும் இல்லை. தவணையாகக் கட்டவிருந்த தொகையை மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். வகுப்புகளுக்கு மாணவர்கள் குறைவாக வரும் மாதம் எதுவோ, அதையே அறுவை சிகிச்சைக்குத் தேர்ந்தெடுங்கள்.