தொடையில் ரத்தக்கட்டு: உருவி விடலாமா?

கபடியில் எதிராளியின் முழங்கால் தொடையில் இடித்து நாலு நாளாகிறது, நீலமாகக் கன்றிய இடம் பச்சையாகி முழங்கால் வரை இறங்கிவிட்டது, வீட்டில் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள், மருந்துக்கடையில் வலியையும் வீக்கத்தையும் குறைக்கிற ஐபுபுரூஃபன் மாத்திரை கொடுத்தார்கள், தொடரலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உருவ வேண்டாம். ஐபுபுரூஃபனையும் நிறுத்திவிடுங்கள், வலி இருந்தால் பாராசிட்டமால் போதும்.

ஏன் என்றால், அடி விழுந்ததும் தசைக்குள் இருக்கும் நுண் ரத்தக்குழாய்கள் கிழிந்து நார்களுக்கு நடுவே ரத்தம் பரவுகிறது. சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணுக்கள் அங்கே குவிகின்றன. அப்புறம் மோனோசைட்டுகள் என்கிற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து, மேக்ரோபேஜ்கள் என்கிற துப்புரவு அணுக்களாக மாறி, செத்த நார்களையும் சிந்திய சிவப்பணுக்களையும் விழுங்க ஆரம்பிக்கும். நீங்கள் பயப்படுகிற பச்சை அந்த வேலையின் அடையாளம்தான்: ஹீமோகுளோபின் உடையும்போது முதலில் பச்சை நிற பிலிவெர்டின், பிறகு மஞ்சள் நிற பிலிரூபின். கீழே இறங்குவது வெறும் புவியீர்ப்பு.

மூன்று நாலு நாளில் இந்த மேக்ரோபேஜ்களின் குணமே மாறுகிறது. வீக்கத்தைத் தூண்டுவதைக் குறைத்துக்கொண்டு, புதிய நுண்குழாய்கள் முளைக்கவும் தசை நார் வளரவும் தேவையான புரதங்களைச் சுரக்கின்றன. எலிகளில் இவற்றை அகற்றிப் பார்த்தபோது, செத்த நார்கள் அகலாமல் கிடந்தன, தசையும் ஒழுங்காக மீளவில்லை. ஆக வீக்கத்தை அடியோடு அமுக்குவது நல்லதல்ல, அதிலும் ஐபுபுரூஃபன், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் கொஞ்சம் தடுக்கும். இதுவரை போட்ட ஒன்றிரண்டு மாத்திரையால் தசை கெட்டுவிடாது, கவலை வேண்டாம்.

உருவுவதுதான் நிஜமான ஆபத்து. இப்போதுதான் ஒட்டிக்கொண்டு வரும் ரத்தக்குழாய்கள் மறுபடி கிழியும், சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும், அதற்குப் பேர்போன இடம் தொடை. புளி உப்புப் பற்று போடுகிறவர்கள் போடட்டும், தசைக்குள் அது போகாது, சூட்டில் தோல் வேகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கிரேப் பேண்டேஜை மிதமாகச் சுற்றுங்கள், வலி அனுமதிக்கிற அளவு முழங்காலை மடக்கி நீட்டுங்கள், நடங்கள். தொடை கல் மாதிரி இறுகி, மாத்திரைக்கு அடங்காத வலியோ மரத்துப்போவதோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கெண்டைக்கால் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்தும் கட்டி கெட்டியாகவே இருந்து, முழங்கால் மடங்குவது குறைந்துகொண்டே போனால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.