வயிறு ஒட்டிய மாண்டரின் மீன்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 120 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. நீமோ மீன்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. போன வாரம் ஒரு மாண்டரின் மீன் வாங்கினோம். பகல் முழுவதும் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. பெல்லட் எனப்படும் உலர் தீனி உருண்டையைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "புது இடம், போகப் போகப் பழகிவிடும்" என்கிறார் கடைக்காரர். வயிறு ஒட்டிப்போயிருக்கிறது என்கிறாள் என் மகள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் மகள் பார்த்ததுதான் முக்கியம். ஒளிந்துகொள்வதை நினைத்துக் கவலைப்படாதீர்கள், அது இந்த மீனின் சுபாவம். ஜப்பானின் ரியூக்யூ தீவுகளில் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, மேற்குப் பசிபிக் கடலில் உடைந்த பவளத் துண்டுகளுக்கு நடுவே வாழ்கிற மீன் இது. நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். அங்கேயும் பகலில் எளிதில் கண்ணில் படாது. பொழுது சாயும்போது ஆணும் பெண்ணும் வெளியே வந்து, ஒன்றையொன்று ஒட்டியபடி சற்று மேலே எழும்பி முட்டையிடும். என் மாட்டுங்கா வீட்டுத் தொட்டியில் இருக்கும் மாண்டரினும் விளக்கின் வெளிச்சம் குறையத் தொடங்கிய பிறகுதான் முன்பக்கம் வரும். அந்த நேரத்தில் யாராவது அழைப்பு மணி அடித்தால்கூட எனக்கு எழுந்துபோக மனம் வராது.

வயிறு ஒட்டியிருப்பது மட்டும் அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. அது பட்டினி. இந்த மீனுக்கு வாய் மிகச் சிறியது. கோழி முற்றத்தைக் கொத்துவதுபோல் விழித்திருக்கும் நேரமெல்லாம் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். அது தேடுவது கோப்பிபாட் என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி போன்ற உயிரிகளை. மூன்று மாதமே ஆன 120 லிட்டர் தொட்டியில் அவை கொஞ்சம்தான் இருக்கும், இருந்ததையும் உங்கள் மீன் இதற்குள் தின்று தீர்த்திருக்கும். கடலிலிருந்து பிடித்து வந்த மாண்டரினுக்கு பெல்லட் ஓர் உணவு என்றே தெரியாது. இங்கே கடைக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பழகட்டும் என்று காத்திருந்தால் மீன் மெலிந்து செத்துப்போகும். இந்த மீன்கள் வீடுகளில் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் நோய் அல்ல, பசிதான்.

இன்றே ஆர்டீமியா என்ற சிற்றிறாலின் முட்டை வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு கலந்து, ஏர் பம்ப் குழாயை அடிவரை விட்டு, விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். மும்பைச் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே சேரும். மெல்லிய துணியில் வடிகட்டி, பொரித்த அன்றே கொடுத்துவிடுங்கள். நேரம் போகப் போக உடம்பில் உள்ள மஞ்சள் கரு தீர்ந்து அவற்றின் சத்து குறைந்துவிடும்.

ஆனால் தொட்டியில் அப்படியே ஊற்றினால் நீமோ மீன்கள் முந்திக்கொள்ளும். மாண்டரின் போட்டி போடத் தெரியாத மீன். பம்பை நிறுத்திவிட்டு, வாய் குறுகிய சிறு கண்ணாடி ஜாடி ஒன்றை அது ஒளியும் பாறை ஓரமாகப் படுக்க வைத்து, நீளக் குழாயால் இரையை ஜாடிக்குள் விடுங்கள். தரையோடு நகர்கிற மீன் என்பதால் மாண்டரின் தானாக உள்ளே நுழையும். பெரிய மீன்கள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். ஒரு நாளில் மூன்று நான்கு முறையாவது கொடுக்க வேண்டும். அலுவலகம் போகிறவர்களுக்கு இது கஷ்டம்தான், ஆனால் வேறு வழி இல்லை. உயிருள்ள இரையைத் தவறாமல் தின்னத் தொடங்கிய பிறகு, உறைய வைத்த ஆர்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பாருங்கள். சில மீன்கள் ஏற்கும், சில கடைசிவரை ஏற்காது.

அப்புறம், தனி வாளியில் கோப்பிபாட் வளர்த்து விளக்கு அணைந்த பின் தொட்டியில் விடுவது நீண்ட நாளைக்கு உதவும். ராஸ் வகை மீன் எதையும் சேர்க்காதீர்கள், அதுவும் இதே இரையைத்தான் தேடும். இடம் மாற்ற நேர்ந்தால் வலை வேண்டாம். கன்னத்தில் உள்ள முள் வலையில் மாட்டிக்கொள்ளும், டப்பாவில் மொண்டு எடுங்கள். உடம்பில் செதில் கிடையாது, கசப்பான வழுவழுப்புப் பூச்சுதான் அதற்குக் காவல். அதனால் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் விடவே விடாதீர்கள்.

பக்கவாட்டிலிருந்து தினமும் வயிற்றைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அது உருண்டு வரவில்லை என்றால், பழைய பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுவதுதான் நியாயம். மனம் வராது, தெரியும். பெரும்பாலான மீன்களில் நீலம் என்பது ஒளி சிதறுவதால் தெரியும் நிறம். மாண்டரினிலோ தோல் செல்களிலேயே உண்மையான நீல நிறமி இருக்கிறது. உயிரினங்களில் இது மிக மிக அபூர்வம். அப்படிப்பட்ட ஒன்று உங்கள் வரவேற்பறையில் பசியோடு கிடக்கக்கூடாது.

கேள்வி: கடல் மீன் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரத்தின் விலை கட்டுப்படியாகவில்லை. தொட்டி மேல் மின்விசிறி வைத்தால் போதுமா? தாதர் கடற்கரையிலிருந்து தண்ணீர் எடுத்து வரலாமா?
– ஒரு வாசகர், முலுண்ட், மும்பை

பதில்: தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் விசிறி ஓரளவு உதவும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாதல் குறைந்து விசிறியால் பெரிய பலன் இராது. தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டி நிற்கிறது என்றால் சில்லருக்குப் பணம் சேர்த்த பிறகு மீன் வாங்குங்கள். ஆவியானதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கிவிடும்.

கடற்கரைத் தண்ணீர் வேண்டாம். நகரத்தின் சாக்கடை கலக்கிறது, மழையில் உப்பும் குறைகிறது. ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடல் தொட்டிக்கான உப்புக் கலவையைக் கரையுங்கள். சமையல் உப்பில் கால்சியமும் மக்னீசியமும் போதாது.

கேள்வி: ராமநாதபுரத்தில் இருக்கும் உறவினர், வலையில் வரும் கடல் குதிரையைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். வளர்க்கலாமா?
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: கூடாது. 2001-இலிருந்து கடல் குதிரைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பவளப் பாறைக்கும் இதுவே சட்டம், "அழகுக்கு இரண்டு துண்டு" என்று அதையும் கேட்டுவிடாதீர்கள். கடல் குதிரைக்கு இரைப்பையே கிடையாது, அடிக்கடி தின்றுகொண்டே இருக்க வேண்டிய உயிர். மும்பை வரையிலான ரயில் பயணத்தை அது தாங்கினாலே அதிசயம். வலையில் உயிரோடு வந்தால் அங்கேயே கடலில் விட்டுவிடும்படி உறவினரிடம் இன்றே போனில் சொல்லுங்கள்.