அப்பாவின் சாட்சியம் மாறுகிறது, மறதி நோயா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. ஆறு மாதங்களுக்கு முன் எங்கள் தெருமுனையில் நடந்த பைக் விபத்தை நேரில் பார்த்துக் காவல்துறையிடம் வாக்குமூலம் கொடுத்தார். ஓட்டி வந்தவர் ஹெல்மெட் அணியவில்லை என்று அன்று சொன்னவர், அணிந்திருந்தார் என்று இப்போது உறுதியாகச் சொல்கிறார். இது மறதி நோயின் தொடக்கமா?

பதில்: இந்த ஒரு மாற்றத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வயது ஏறும்போது நடந்த நிகழ்ச்சியின் சாரம் பெரும்பாலும் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆனால் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியும் முன்மடலும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை, அதாவது ஒரு செய்தியை நாம் கண்ணால் கண்டோமா, பிறர் சொல்லிக் கேட்டோமா என்று பிரித்தறிவது, தளர்ந்துபோகிறது. டீக்கடையில் யாரோ சொன்ன ஹெல்மெட், சில வாரங்களில் உங்கள் தந்தை தாமே பார்த்த ஹெல்மெட்டாக மாறியிருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை.

இளைஞர்களுக்கும் இது நேரும். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கார் விபத்துகளின் திரைப்படத் துண்டுகளைக் காட்டி, கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். முதல் பிரிவினர் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றும், இரண்டாம் பிரிவினர் ஏறத்தாழ 41 மைல் என்றும் மதிப்பிட்டார்கள். கேள்வியில் இருந்த ஒரு சொல்தான் வேறுபட்டது. பிறர் சொல்லுக்கேற்ப நினைவு மாறும் இந்த நெகிழ்ச்சி முதியவர்களிடம் சற்றுக் கூடுதல். அடையாள அணிவகுப்பில் உண்மையான குற்றவாளி இல்லாதபோதும் யாரையாவது சுட்டிக்காட்டிவிடும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். அவர்கள் உறுதியாகச் சொல்வதாலேயே அது சரியாகிவிடாது. அதே சமயம், குறுக்கிடாமல் தம் போக்கில் சொல்லவிட்டால், முதியவர்கள் குறைவான விவரங்களையே சொன்னாலும் அவற்றில் பெரும்பகுதி சரியாக இருக்கும்.

ஆகவே வீட்டில் அவரைத் திருத்தவோ, "அன்றைக்கு அப்படித்தானே சொன்னீர்கள்?" என்று ஒத்திகை பார்க்கவோ வேண்டாம், அந்தக் கேள்வியே இன்னொரு கலப்படமாகிவிடும். (மகன்களும் மகள்களும் தவறாமல் செய்வது இதைத்தான்.) இரு விதமாகவும் சொல்லியிருப்பதை அரசு வழக்கறிஞரிடம் மறைக்காமல் தெரிவித்துவிடுங்கள். முதுமை மட்டுமே ஒருவரைச் சாட்சி சொல்லத் தகுதியற்றவராக்குவதில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடிகிறதா என்பதையே, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டமும் பார்க்கிறது.

கண்புரையும் காது மந்தமும் இருக்கின்றனவா என்று பரிசோதித்துவிடுங்கள்; தூக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் நினைவை மழுங்கடிக்கும் என்பதால், அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் குழம்புவது ஆகியவை தென்பட்டால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.