இரண்டடியில் இருக்கிறது வினை

கேள்வி: புல்லாங்குழலை மேடையிலேயே லூப் பெடலில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) அடுக்கடுக்காகப் பதிந்து வாசிக்கிறேன். விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கை இரண்டடி தள்ளி வைத்தும், நான்காவது அடுக்கில் எல்லாம் சேறாகிவிடுகிறது. ஏன்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மைக்கின் விலையில் குற்றமில்லை தம்பி, அந்த இரண்டடியில்தான். ஸ்பீக்கரில் ஓடும் முதல் அடுக்கை மைக் மறுபடி கேட்டு, இரண்டாவதோடு சேர்த்துப் பதிகிறது. மூன்றாவதில் இரண்டும் திரும்ப வருகின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் என் வயலினுக்கும் இதே கதிதான். மேலே சுழன்ற மின்விசிறிகூட அடுக்கடுக்காக உறுமியது! வந்தவர்கள் அதைத் தம்பூரா என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டடியை அரை அடியாக்குங்கள். குழலின் ஒலி ஏறத்தாழ 12 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்துவிடலாம், ஸ்பீக்கர் ஒலியும் குறைவாகவே நுழையும். ஊதும் காற்று நேரே படாதபடி மைக்கைச் சற்று உயர்த்திச் சாய்த்து வையுங்கள். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் என்றால், நீங்கள் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் அதன் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். அங்கேதான் அதற்குக் காது மந்தம். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு என்றால் பின்னால் சற்றுப் பக்கவாட்டில், மைக்கின் முகத்திலிருந்து சுமார் 125 பாகையில். முடிந்தால் மானிட்டரையே விட்டுவிட்டு இயர்போனில் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.