மங்கலான படத்தைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்க முடியுமா?

மங்கல் எப்படி வந்தது என்று தெரிந்தால் அசல் படத்தை அப்படியே மீட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குத்தான் முடியும். பெரிய தடை இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகக் கலந்துவிடும் பொய்யான ஏற்ற இறக்கங்கள்.

படம் மங்கும்போது ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களில் சிதறுகிறது. அந்தச் சிதறலின் வடிவம்தான் புள்ளிப் பரவல் சார்பு. ஃபூரியே உருமாற்றம் என்பது படத்தை வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகளாகப் பிரிக்கும் கணக்கு. இரண்டையும் அப்படி உருமாற்றிப் பார்த்தால், இரைச்சலை விட்டுவிட்டால், அசல் படத்தை இந்தச் சார்பால் பெருக்கியதுதான் மங்கிய படம். சரி, திருப்பி வகுத்தால் போதுமே? அங்கேதான் சிக்கல். நுண்விவரங்கள் இருக்கும் உயர் அதிர்வெண்களில் சார்பின் மதிப்பு பூஜ்யத்தை நெருங்கும். 0.001 ஆல் வகுத்தால் அங்குள்ள இரைச்சலும் 1000 மடங்காகிவிடும்.

இரைச்சல் மிஞ்சும் அதிர்வெண்களை அடக்கி வைப்பது வீனர் வடிகட்டி. எனக்கு அதைவிடப் பிடித்தது, 1992இல் ரூடின், ஓஷர், ஃபதேமி என்ற ஆய்வாளர்கள் மூவரும் தந்த மொத்த மாறுபாட்டு முறை. விடை தரவோடு பொருந்த வேண்டும், ஆனால் பிக்சலுக்குப் பிக்சல் உள்ள ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும் என்கிறது அது. இரைச்சல் அடங்கினாலும் விளிம்புகள் கூர்மையாகவே நிற்பது அழகான விஷயம்.

இப்படிக் கணக்கால் தெளிவாக்கியதற்கு ஓர் உதாரணம்: 1990இல் ஏவப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி, விளிம்பில் சுமார் 2 மைக்ரான் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்ததால் படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் வரை, ரிச்சர்ட்சன்–லூசி என்ற இன்னொரு முறை பெரிதும் கைகொடுத்தது. ஒரு ஊகப் படத்தை மங்கச் செய்து, கிடைத்த படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கேற்ப ஊகத்தைத் திருத்தி, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சுற்றுகள் அளவுக்கு மீறினால் இரைச்சலே நட்சத்திரம் மாதிரித் தெரியத் தொடங்கும். அதனால் எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதும் இந்த முறையின் ஒரு பகுதிதான்.