ரோட்ஸ் பழைய நகரத்தில் ஒரே ஒரு பகல்: எதை விடக்கூடாது?

கேள்வி, கிரேக்கத் தீவான ரோட்ஸில் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தை ஒரே பகலில் எப்படிப் பார்ப்பது, அதன் வரலாறு என்ன என்பது. என் பதில்: அரண்மனையில் ஆரம்பிக்காதீர்கள், அகழியில் ஆரம்பியுங்கள்.

எல்லோரும் முதலில் ஓடுவது, நகரை ஆண்ட போர்த்துறவிகளின் தலைவரான கிராண்ட் மாஸ்டரின் அரண்மனைக்குத்தான். ஆனால் இன்று கண்ணில் படும் கட்டடத்தின் பெரும்பகுதி 1937–40ல் இத்தாலியர்கள் எழுப்பியது. 1856ல் எதிரிலிருந்த புனித ஜான் தேவாலயத்தின் அடியில் கிடந்த வெடிமருந்து வெடித்துத் தேவாலயம் தரைமட்டமானது, அரண்மனையும் சிதைந்தது. மாடியின் தரையில் பதித்திருக்கும் அழகான மொசைக்குகள்கூட கோஸ் தீவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. பாருங்கள், ஆனால் கடைசியில் பாருங்கள்.

அகழிக்குக் கட்டணம் இல்லை. மேற்கே தாம்புவாஸ் வாசல் பக்கம் இறங்கி, தெற்கே சுற்றி, கிழக்கே அகாண்டியா வாசலில் ஏறலாம். இது தண்ணீர் நிரப்பும் அகழி அல்ல, உலர் அகழி. இப்போது அடியில் புல்லும் மரங்களும். ஆங்காங்கே காலடியில் முற்றுகைக் காலத்துக் கல் குண்டுகள்.

புனித ஜான் நைட்டுகள் எனும் போர்த்துறவிகள் 1309 வாக்கில் இந்த நகரத்தைத் தலைமையிடமாக்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்து மதில் உயரமானது, ஒல்லியானது. ஏணி வைத்து ஏறுபவனைத் தடுக்க அது போதும். பீரங்கிக்கு முன் உயரம் உதவாது, கனம்தான் வேண்டும். 1480ல் உதுமானியப் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டே நிலநடுக்கம். அதன்பின் கிராண்ட் மாஸ்டர் பியேர் தாபுஸோன் தொடங்கிய வேலைதான் இன்று நாம் பார்ப்பது: சில இடங்களில் 12 மீட்டர் வரை தடித்த மதில், அகலப்படுத்திய அகழி, குட்டையாக வெளியே துருத்தி நிற்கும் கொத்தளங்கள். தெற்குப் பக்கம் அகழியின் நடுவிலேயே ஒரு திட்டை விட்டு, இரட்டை அகழியாக்கியிருப்பார்கள். அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்.

நைட்டுகள் பிறந்த நாட்டை வைத்து 'மொழிகள்' என்று பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் மதிலில் ஒரு பகுதி பொறுப்பு. அதனாசியஸ் வாசலுக்கும் கோஸ்கினு வாசலுக்கும் இடையில் இருப்பது இங்கிலாந்தின் பங்கு. 1522ல் உதுமானிய சுல்தான் சுலைமான் இங்கேதான் மதிலுக்கு அடியில் சுரங்கம் வெட்டி வெடிவைத்தார். உள்ளே இருந்த இத்தாலியப் பொறியாளர் கப்ரியேலே தாதினி, தோலை இழுத்துக் கட்டி அதில் சிறு மணிகளைப் பொருத்தி வைத்தார். கீழே கடப்பாரை விழும் அதிர்வில் மணி அசையும். சுரங்கம் எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும், எதிர்ச்சுரங்கம் வெட்டலாம். இப்படி ஏறக்குறைய ஆறு மாதம் தாக்குப்பிடித்தார்கள். மதில் கடைசிவரை முழுசாக வீழவில்லை. ஆளும் வெடிமருந்தும்தான் தீர்ந்தன. டிசம்பரில் சரணடைந்து, 1523 ஜனவரி 1 அன்று கப்பலேறினார்கள். 1530ல் மால்டா கிடைத்தது.

அகாண்டியா வழியாக உள்ளே வந்தால் யூதர் வீதிகள். 1577ல் கட்டிய கஹால் ஷாலோம், கிரேக்கத்தில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய யூதக் கோவில். சனிக்கிழமை சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். 1944 ஜூலையில் இந்தத் தெருக்களிலிருந்து 1,600க்கும் மேற்பட்ட யூதர்களை ஜெர்மானியர் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். துருக்கியத் துணைத்தூதர் செலாஹத்தின் உல்குமென் போராடி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார். பக்கத்துச் சதுக்கத்தில் நினைவுக்கல் இருக்கிறது. கடல்குதிரை நீரூற்றை மட்டும் படமெடுத்துவிட்டு அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம், தயவுசெய்து நில்லுங்கள். சந்துகளில் எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே தலைக்குமேல் கல் வளைவுகள் தெரியும். அலங்காரம் இல்லை, நிலநடுக்கத்தில் சுவர்கள் சாயாமல் ஒன்றையொன்று தாங்க வைத்தவை.

அடுத்து நைட்டுகளின் பழைய மருத்துவமனை. 1440ல் தொடங்கியது, இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம். முடியை விரித்துக் குளிக்கும் கிரேக்கக் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் சிறு சிலை இங்கேதான். அதை ஒட்டி ஏறுவது நைட்டுகளின் தெரு. கி.மு. 408ல் மூன்று ஊர்கள் சேர்ந்து ரோட்ஸை உருவாக்கியபோது போட்ட கட்டம்போட்ட தெருக்களில் ஒன்றின் மேலேயே இது ஓடுகிறது. அகழியில் பார்த்த அதே மொழிகளின் விடுதிகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. முகப்பில் பதித்த சின்னங்களை வைத்து யாருடையது என்று கண்டுபிடிக்கலாம். பிரான்ஸ் விடுதியில் லில்லி மலர். உச்சியில் அரண்மனை.

மாலையில் மந்த்ராக்கி துறைமுகம். கொலோசஸ் எனும் பழங்கால ராட்சதச் சிலை இங்கே இரண்டு கரையிலும் கால் வைத்து நின்றது என்பது இடைக்காலக் கற்பனை. சுமார் 32 மீட்டர் வெண்கலச் சிலைக்கு அவ்வளவு அகலமாகக் கால் விரிக்க முடியாது. கி.மு. 280 வாக்கில் முடிந்து, கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது.

செருப்பு முக்கியம். தெருக்களில் பாவியிருப்பது கடற்கரைக் கூழாங்கல். மெல்லிய அடிப்பாகம் என்றால் மதியத்துக்குள் பாதம் வலிக்கும், மழையில் வழுக்கும். சக்கரப் பெட்டி உருளாது. தங்குவதானால் விடுதிக்கு மிக அருகில் எந்த வாசல் என்று முன்பே கேட்டு, டாக்சியை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். கோடையில் அகழியைக் காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள், நிழல் குறைவு. பயணக் கப்பல் வந்த நாளில் முற்பகல் முழுக்க சோக்ரடஸ் கடைத்தெரு நெரியும். அப்போது நீங்கள் அகழியில் இருப்பதே நல்லது.