அட்டைப் பெட்டிக்கும் பாதுஷா விலையா?

கேள்வி: தெருமுனையில் அப்பா, அம்மா, மகன் மூவருமாக நடத்தும் மிட்டாய்க் கடை. ருசி பிரமாதம். ஆனால் அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதற்குள்ளேயே பாதுஷாவை அடுக்கி எடை போடுகிறார்கள். பெட்டி எடையைக் கழிப்பதில்லை. பல வருடப் பழக்கம், எப்படிக் கேட்பது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வாயால்தான் அம்மா. பழகிய கடை என்பதால்தான் கேட்க வேண்டும். பழகாத கடை என்றால் வேறு கடைக்குப் போய்விடலாமே.

இந்தப் பெட்டி விவகாரம் என்றாலே எனக்கு ரத்தம் சூடேறும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதுஷா கிலோ 480 ரூபாய், பெட்டி 50 கிராம் என்று வையுங்கள். அட்டைக்கு மட்டும் 24 ரூபாய் கொடுக்கிறீர்கள். அரை கிலோவுக்கு முழுசாக ஒரு பாதுஷா போச்சு. தீபாவளிக்குப் பத்துப் பெட்டி வாங்குகிறவருக்கு அரை கிலோ அட்டை! “பெட்டிக்கு நாங்க தனியா காசு வாங்கறதில்லையே” என்பார்கள். தாராளமாக வாங்கட்டும். பெட்டி ஐந்து ரூபாய் என்று எழுதி வைத்து வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது கண்ணுக்குத் தெரிகிற காசு. இனிப்பின் எடையில் அட்டையைச் சேர்க்கத்தான் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 கேட்பது உள்ளே இருக்கும் பொருளின் நிகர எடையை. எலக்ட்ரானிக் தராசில் இதற்கென்றே ‘டேர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. காலிப் பெட்டியை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் வரும், அப்புறம் அடுக்கலாம். ஒரு நொடி வேலை. தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வைக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை ஆய்வாளர்கள்.

அதற்காக நாளைக்கே புகார் மனு எழுத வேண்டாம். கல்லாவில் மகன் இருக்கும்போது, “தம்பி, பெட்டிய வச்சு ஜீரோ பண்ணிட்டு அடுக்குப்பா” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் இதுவே போதும். முறைத்தால் மனு எழுதலாம்.

கேள்வி: மைசூர்பாகு பில்லில் 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. (வாசகர், மதுரை)

பதில்: எண் இல்லாதவருக்கு வரி வாங்க உரிமை இல்லை. எண் இருந்தாலும் சின்னக் கடைகள் பல காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும். அவர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. அப்படி ஒரு பலகையும் கடையில் மாட்டியிருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மே மாதம் வாங்கிய பால்கோவா நான்காம் நாள் புளித்துவிட்டது. வெளியில்தான் வைத்திருந்தேன். மாற்றித் தர மறுக்கிறார். (வாசகர், திருச்சி)

பதில்: நான் கடைக்காரர் கட்சி. மே வெயிலில் பால் இனிப்பை வெளியில் வைத்தால் புளிக்கத்தான் செய்யும். அவரிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் ‘இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்’ என்று தட்டின் அருகே எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. எழுதியிருந்ததா, நீங்கள் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேள்வி: முந்திரி கேக் மேல் ஒட்டியிருப்பது வெள்ளித் தாளா, அலுமினியமா? (வாசகி, சேலம்)

பதில்: விரலில் தேயுங்கள். வெள்ளி மறைந்துவிடும், அலுமினியம் உருண்டு நிற்கும்.

கேள்வி: மகள் வளைகாப்புக்கு 15 கிலோ நெய் லட்டு சொல்லி, முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்தோம். வந்தது டால்டா லட்டு. சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிவு. கேட்டால் “உங்க நாக்குதான் சரியில்ல” என்கிறார். பில்லில் ‘நெய் லட்டு’ என்றே இருக்கிறது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: படித்ததும் மனசு சங்கடப்பட்டது. நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. நெய் வாயில் உருகிவிடும். வனஸ்பதி, அதாவது டால்டா, மேலண்ணத்தில் மெழுகாக அப்பிக்கொள்ளும். ஒரு பேருந்து நிலையக் கடையில், பெட்டியில் பசு மாட்டுப் படம் போட்ட ‘சுத்த நெய்’ மைசூர்பாகு வாங்கிய எனக்கு இதில் அனுபவம் உண்டு. வெந்நீர் குடித்த பிறகுதான் வாய் விட்டது. படத்திலிருந்த மாடு நன்றாகத்தான் இருந்தது.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்கள் பலம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்தால், அவர்கள் கடையில் மாதிரி எடுக்க முடியும். கையோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. பணத்தோடு மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். “நாக்கு சரியில்லை” என்று அவர் சொன்னதையும் மனுவில் அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: ருசி பார்க்க ஒரு துண்டு தருகிறார்கள். பிடிக்காவிட்டாலும் கூச்சத்தில் கால் கிலோ வாங்கி வந்து குப்பையில் போடுகிறேன். (வாசகர், காரைக்குடி)

பதில்: ஐம்பது கிராம் வாங்குங்கள் சார். தராசு அதையும் நிறுக்கும்.